மூத்தவளின்ர 21 (அவளுக்குச் சொல்லாதேங்கோ)

ஞாயிறு

சித்தி வவுனியா: சின்னவன் நீயோ இந்தக் குறூப்பைத் திறந்தது, அவளையும் இதுக்க சேத்துப்போடாத என்ன. அம்மம்மான்ர எழுபதுக்கு அம்மம்மாவையே அட் பண்ணி வைச்சிருந்தனீ

சின்னவன்: அது கை பட்டது சித்தி 😂 இப்ப 7 பேர் தான். அப்பாவையும் போட்டிருக்கு, அவர் பாக்கமாட்டார்

அம்மா: பிறந்தநாள் 26, வெள்ளிக்கிழமை வருது. பிள்ளை வியாழன் இரவு பேராதனையில இருந்து வெளிக்கிடுறாள், கண்டி யாழ்ப்பாணம் பஸ் எண்டா விடியப்புறம் கிளிநொச்சியில இறக்கிவிடும், இவர் போய் ஏத்திக்கொண்டு வருவார். வீட்டில தான் செய்வம் எண்டு யோசிக்கிறன்

பெரியம்மா: வெள்ளியில மச்சம் காய்ச்சேலாதேடி

அம்மா: அதுதான் அக்கா வெள்ளி காலம கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை, வீட்டில பாயாசம். பார்ட்டி சனி பின்னேரம். அயலும் சொந்தமும் அவளின்ர கூட்டாளியளும் எண்டா ஒரு அம்பது கதிரை காணும்

மாமா கனடா: அக்கா வீட்டில எங்க இருத்தப் போறியள் அந்த முத்தத்திலயோ. நான் காசு போடுறன் டவுன்ல ஒரு ஹோலை எடுங்கோ, ஸ்டேஜ் செற்றிங், டீஜே, மேல ட்ரோன் விட்டு வீடியோ எடுப்பம். இஞ்ச ஸ்காபரோவில பிள்ளையளின்ர 21க்கு லிமோசின் எல்லாம் எடுக்குதுகள்

சித்தி வவுனியா: வட்டக்கச்சி றோட்டில லிமோசின் 😂😂 குழிக்க விழுந்தா ட்ரக்டர் கட்டித்தான் இழுக்கோணும்

பெரியம்மா: ட்ரோன் கதையை விடு தம்பி. உனக்கு ஞாபகம் இராது நீ முந்தியே போட்டாய். சண்டை நேரம் மேல வண்டு, அதுதான் வேவு விமானம், இரைஞ்சா பின்னால என்ன வரும் எண்டு எங்களுக்குத் தெரியும், இப்பவும் கலியாண வீட்டில ட்ரோன் கிளப்பினா அம்மா எழும்பி உள்ள போயிடுவா

மாமா கனடா: அதை யோசிக்கேல்ல அக்கா

சின்னவன்: பெரியப்பா ஒரு டவுட். 18க்குத்தானே வோட், லைசன்ஸ் எல்லாம். அப்ப ஏன் எல்லாரும் 21ஐக் கொண்டாடுகினம்

பெரியப்பா: நல்ல கேள்வி. முந்தி எங்கட நாட்டில சட்டப்படி ஆள் வளந்தவர் எண்டு கணக்கு 21 வயசு தான். 1989இல தான் அதை 18 ஆக்கினவை. சட்டம் மாறிட்டுது கேக் மாறேல்ல. உந்தத் திறப்புக் கேக்கும் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது தான், 21 ஆனா வீட்டுத் திறப்பைப் பிள்ளையின்ர கையில குடுப்பினம், இனி நீ எந்த நேரமும் வரலாம் போகலாம் எண்டு. எங்கட வீடுகளில பகல்ல கதவு பூட்டினதே இல்லை, ஆனாலும் திறப்புக் கேக் வெட்டுறம்.

சித்தி வவுனியா: அத்தான் வகுப்பு எடுக்கத் தொடங்கினா மணி அடிக்காமல் நிப்பாட்ட மாட்டார் 😂 கேக் நான் பாக்கிறன். ஆனா ஐசிங் இந்த வெயிலுக்குத் தாங்காது, போனமுறை மோட்டச்சைக்கிள்ல கொண்டு வந்து பெட்டியைத் திறந்தா ரோசாப்பூ எல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சு போய்க் கிடந்தது, இந்தமுறை ஓட்டோ பிடிச்சு மடியில வைச்சுத்தான் கொண்டு வருவன். இன்னொண்டு, இப்ப சோளகம் தொடங்கிட்டுது, முத்தத்தில மெழுகுதிரி நிக்காது, கேக் வெட்டுறதை விறாந்தையில வையுங்கோ

செவ்வாய்

மாமா கனடா: ஹோல் விசயம் ஒருதரும் பதில் சொல்லேல்ல. காசு பிரச்சினை இல்லை எண்டு சொன்னனான் தானே, அவளின்ர சாமத்தியவீட்டுக்கும் நான் தான் ஹோலுக்குக் குடுத்தனான், எவ்வளவு வடிவா நடந்தது

அம்மா: தம்பி கோவிக்காத. வடிவா நடந்தது தான், ஆல்பத்தை இப்பவும் வாறவை எல்லாரும் பாக்கினம். ஆனா அவளுக்கு அப்ப 12 வயசு, மேக்கப் செய்ய வந்தவ தலைமயிரை இழுத்துக் கட்டினதில ரெண்டு நாள் தலையிடி எண்டு படுத்தவள், அந்த ஆல்பத்தில ஒரு படத்திலயும் அவள் சிரிக்கேல்ல, நான் பிறகு தான் கண்டனான். 300 பேர் வந்து சாப்பிட்டுப் போச்சினம், உனக்கு இதெல்லாம் வேணுமோ பிள்ளை எண்டு நாங்கள் ஒருதரும் அவளைக் கேக்கேல்ல. ஆருக்குச் சொல்லோணும் எண்டதைத்தான் யோசிச்சுக் கொண்டிருந்தம்

அம்மா: அதுக்கு முதல் நாலாவது பிறந்தநாள் மெனிக்பாம் முகாமில. சின்னவன் அப்ப பிறக்கேல்ல. 2009 ஆனி, தறப்பாளுக்க நெருப்பு மாதிரி வெக்கை. இவர் எங்கயோ ஒரு மாரி பிஸ்கட் பக்கெற் மாறிக்கொண்டு வந்தவர், சீனியைத் தண்ணியில குழைச்சு ஒரு பிஸ்கட்டுக்கு மேல தடவி, திரி இல்லை எண்டு நெருப்புக்குச்சியைக் குத்திக் கொழுத்தினனான். அவள் ஊதிப்போட்டு இன்னொருக்கா இன்னொருக்கா எண்டு அழுகை, பெட்டியில நாலு குச்சி தான் கிடந்தது, நாலையும் கொழுத்திப்போட்டு அண்டைக்கு இரவு அடுப்புக்குப் பக்கத்துக் கொட்டில்ல போய் நெருப்பு வாங்கினனான்

அம்மா: அதால தான் தம்பி சொந்த முத்தத்தில வைப்பம் எண்டுறன்

மாமா கனடா: சரி அக்கா

சின்னவன்: ஒருதரும் ஏசக்கூடாது. நான் அக்காட்டக் கேட்டிட்டன்

சித்தி வவுனியா: டேய்!!! சர்ப்ரைஸ் எண்டெல்லோ சொன்னது

சின்னவன்: அம்மா தானே இப்ப சொல்றா கேக்கேல்ல கேக்கேல்ல எண்டு. நான் நேற்றே கேட்டனான். சாறி உடுக்கமாட்டாவாம், ஸ்டேஜ் வேண்டாமாம், ஆக்கள் வரிசையில வந்து என்வலப் குடுத்துப் படம் எடுக்கிறது வேண்டவே வேண்டாமாம். கூழ் காய்ச்சுங்கோவாம். கம்பஸ் பெட்டையள் மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாறாவாம், ரெண்டு பேர் சிங்களப் பிள்ளையளாம், உறைப்பு கொஞ்சம் குறைக்கட்டாம்

பெரியம்மா: கூழோ!! பிறந்தநாளுக்குக் கூழோ. அவள் என்ர பிள்ளை 😂

பெரியம்மா: ஆனா உறைப்புக் குறைச்சா அது கூழ் இல்லை கஞ்சி. அந்தப் பிள்ளையளுக்கு வேணுமெண்டா தேங்காய்ச் சொட்டு கூடக் குடுப்பம் கடிச்சுக் கடிச்சுக் குடிக்கட்டும். இப்ப கேளுங்கோ, ஒடியல் மா காலமையே ஊறப்போட்டு மேல நிக்கிற தண்ணியை வடிச்சு விடோணும் இல்லாட்டிக் கைக்கும். பிலாக்கொட்டை இப்ப மலிவு. பயித்தங்காய் மரவள்ளி என்ர வளவில இருக்கு. நண்டு றால் முல்லைத்தீவால காலம வாறதை வாங்குங்கோ, முதல் நாள் வாங்கி ஐஸில வைச்சா ருசி போயிடும். மீன் தலை முதல்ல போய் அவியோணும், மாவும் புளியும் அரைச்ச செத்தல் மிளகாயும் கடைசியில தான், விட்டாப் பிறகு கை எடுக்காமல் துழாவோணும்

சித்தி வவுனியா: கேக்கும் கூழும் ஒண்டாவோ

பெரியப்பா: வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்டு தான்.

சித்தி வவுனியா: றோல்ஸ் பற்றீஸ் நான் கொஞ்சம் சொல்லிவிடுறன், சின்னனுகளுக்கு. பெட்டிக்காரனுக்கும் சொல்லுங்கோ பத்து மணியோட பாட்டு நிப்பாட்டோணும் எண்டு, பிறகு ஆரும் பொலிசுக்கு அடிப்பினம்

மாமா கனடா: அப்ப எனக்கு ஒரு வேலையும் இல்லையோ

அம்மா: ஏன் இல்லை. பின்னேரம் ஆறுக்கு கேக் வெட்டுறம், உங்க காலம எட்டரை, குடும்பத்தோட வீடியோவில வா. நண்டுக்காசு உன்ர

மாமா கனடா: நண்டு மட்டும் இல்லை றாலும் என்ர

புதன்

சின்னவன்: அம்மம்மா வொயிஸ் போடச் சொல்றா ஆனா மைக்கை மாத்தி மாத்தி அமத்துறா, நான் கேட்டு எழுதுறன். "கேக்கில திறப்புச் செய்யிறதுக்குக் காசைக் குடுக்காதேங்கோ. 2008 மார்கழியில நான் பூட்டின வீட்டுத் திறப்பு என்ர றங்குப்பெட்டியில கிடக்கு. அதைக் குடுங்கோ"

பெரியம்மா: அம்மா இன்னும் அதை வைச்சிருக்கிறாவோ. ஆமைப்பூட்டுத் திறப்பெல்லோ, தருமபுரம் விசுவமடு மாத்தளன் எல்லாம் சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டு திரிஞ்சவ, 2010இல திரும்பி வந்து பாத்தா ரெண்டு சுவர் நிண்டது, கதவும் இல்லை நிலையும் இல்லை. அப்பவும் எறியேல்ல

சித்தி வவுனியா: கறள் பிடிச்ச இரும்பைப் பிறந்தநாளில குடுக்கிறதோ அம்மா, ஒரு மாதிரி இருக்கு

சின்னவன்: "அப்ப மண்ணெண்ணையில ஊறப்போடு" எண்டு சொல்றா

அம்மா: ஊறப்போட்டாச்சு. நேற்று இரவே போத்தல் மூடியில போட்டு வைச்சவ, நான் ஏதோ மருந்து எண்டு நினைச்சு ஊத்தப் பாத்தனான்

சித்தி வவுனியா: சரி கேக்கை வட்டமாவே அடிக்கச் சொல்றன். றிபன் கேக், பேர் மட்டும் எழுதி

பெரியம்மா: கூழுக்குக் கோப்பை வாடகைக்கு எடுக்கிறதோ பிளாஸ்ரிக் வாங்கிறதோ. பனையோலையில பிளா கோல இப்ப ஆருக்குத் தெரியும்

அப்பா: ஓலை நான் வெட்டுறன். 60 பிளா காணுமோ

சித்தி வவுனியா: சின்னத்தான் குறூப்பைப் பாக்கிறவரோ!!!

சின்னவன்: அப்பா நீங்கள் எல்லாத்தையும் வாசிச்சனீங்களோ

அப்பா: ஓம். கிடாரம் கோயில்ல கேட்டிட்டன். சனி தண்ணி முறை எனக்கு, வயலுக்குத் திறந்து விட்டிட்டு 3 மணிக்குத் தான் வருவன், அதுக்கு முதல் ஒருதரும் அடுப்பு மூட்டாதேங்கோ