பழைய ஸ்னோமொபைலையே ஓட்டுவதா, புதிது வாங்குவதா?

கேள்வி: இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில், சட்பரி. என் ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓட்டும் வண்டி, 2006 மாடல், இரண்டு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டி. 9,800 கிலோமீட்டர் ஓடிவிட்டது. போன சனிக்கிழமை உறைந்த ஏரி நடுவில் நின்றுபோனது. மைனஸ் 24 குளிர். ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை நாற்பது தடவையாவது இழுத்திருப்பேன், கையுறைக்குள்ளேயே விரல் மரத்துவிட்டது. புதிதுக்கு 18,000 டாலர் சொல்கிறார்கள். "அந்தக் காசில் நாலு பேரும் ஊருக்குப் போய் வரலாம்" என்கிறாள் மனைவி. என்ன செய்யலாம்?

பதில் 1: அண்ணா, முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வரும் அழுத்தம், பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் கவலை. இல்லையென்றால் எஞ்சின்மேல் பழி போடாதீர்கள். கோடை முழுக்க டாங்கில் கிடந்த எத்தனால் பெட்ரோல் கார்புரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையை, அடைத்திருக்கும்.

பதில் 2: செகண்ட் ஹாண்டும் பார்க்கலாம். யமஹா 2025 மாடலோடு ஸ்னோமொபைலை நிறுத்திவிட்டது, பழைய யமஹாவுக்குப் பேரம் பேச அது உதவும். அது கிடக்கட்டும், ஏரிக்குத் தனியாகவா போனீர்கள்?

கேள்வி கேட்டவர்: தனியாகத்தான், திட்டு வாங்கியாகிவிட்டது. கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் 122, இன்னொன்றில் 119. ஜெட்டைக் கழற்றினால் உள்ளே பாசி மாதிரி பச்சைக் கசடு. துடைத்து மாட்டினேன், இப்போது இரண்டாவது இழுப்பிலேயே பிடிக்கிறது. டிராக்கில், அதாவது வண்டிக்கு அடியில் சுற்றும் பட்டையில், மூன்று வெடிப்பு இருக்கிறது. சரி, சீசன் முடிந்ததும் அதை மாற்றிக்கொள்கிறேன். டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டாள் மனைவி.