மஞ்சள்தூளில் ஈயம்: மைக்ரோவேவ் சென்சார் நேரத்துக்கு ஒரு ரீடிங் காட்டுகிறது, அவசர உதவி!

தறிநாடா:
வணக்கம். மஞ்சள்தூளில் லெட் குரோமேட் (ஈயம் கலந்த மஞ்சள் நிறமி) கலப்படம் பார்க்க ஸ்ப்ளிட் ரிங் ரெசனேட்டர் (இடைவெளி விட்ட உலோக வளையம்; பக்கத்தில் வைக்கும் பொருளுக்கு ஏற்ப அதன் அதிர்வெண் நகரும்) செய்திருக்கிறேன். காலையில் ஈயம் கலந்த சாம்பிளுக்கு அதிர்வெண் அழகாக நகர்ந்தது. மதியம் அதே சாம்பிளுக்கு வேறு இடத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை ரிவ்யூ. என்ன செய்ய?

ஆய்வக_எலி:
எந்த அதிர்வெண்? எந்த போர்டு? தூளா, கரைசலா? ஈயம் எவ்வளவு?

செம்பருத்தி:
எஃப்ஆர்4 (சாதாரண கண்ணாடியிழை சர்க்யூட் போர்டு) ஆகத்தான் இருக்கும். லாஸ் டேஞ்சன்ட் (போர்டு சிக்னலை விழுங்கும் அளவு) 0.02, வரைபடத்தில் அதிர்வெண்ணைக் காட்டும் பள்ளம் அகலமாகத்தான் விழும். இழப்பு குறைந்த ரோஜர்ஸ் போர்டு வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மூத்தவன்:
அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது? உங்கள் ரிங் அளப்பது பர்மிட்டிவிட்டி (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினை); அது மொத்தக் கலவையின் குணம். ஈயம், உப்பு, சர்க்கரை என்று அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. தனிமத்தைத் தனித்தனியாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி எதற்கு இருக்கிறது?

தறிநாடா:
மன்னிக்கவும் சார். 2.4 கிகாஹெர்ட்ஸ், எஃப்ஆர்4. 1 கிராம் தூளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 50 மில்லி ஆக்கினேன். ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), உணவுப் பாதுகாப்பு வரம்பு அதுதானே.

ஆய்வக_எலி:
அந்த 10 பிபிஎம் தூளில். உங்கள் 50 மில்லியில் வெறும் 0.2 பிபிஎம். அமிலம் 2 சதவீதம் மிஞ்சியிருந்தாலே ஈயத்தைப்போல ஒரு லட்சம் மடங்கு. ஈயமே சேர்க்காமல், அமிலம் மட்டும் வைத்துப் பார்த்தீர்களா? அப்புறம் அறை வெப்பம். தண்ணீரின் பர்மிட்டிவிட்டி 20 டிகிரியில் 80, 25-இல் 78. மதியம் நகர்ந்ததற்கு அதுவே போதும்.

செம்பருத்தி:
எங்கள் வீட்டில் ஈயச் சொம்பில்தான் ரசம். அதையும் இதில் பார்க்கலாமோ?

மூத்தவன்:
அது வெள்ளீயம் (டின்). இவர் தேடுவது காரீயம் (லெட்).

கடைத்தெரு:
கடையில் தருவது சுத்த வெள்ளீயம்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மூத்தவன்:
வளைத்தால் வெள்ளீயம் கிறீச்சென்று சத்தம் போடும்.

கடைத்தெரு:
காசு கொடுத்து வாங்கிய சொம்பை வளைத்துப் பார்க்கவா? நல்ல யோசனை.

ஆய்வக_எலி:
ரசத்தை இறக்கி வையுங்கள். தறிநாடா, ரிங்கின் இடைவெளியில் கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து எடுப்பது, ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும்) பூசி, கரைசலில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து அளந்து பாருங்கள். காய்ந்துவிட்டால் தண்ணீர்த் தொல்லை இருக்காது. ஆனால் அமிலத்தைச் சமன் செய்யாமல் வைத்தால் பூச்சே கரைந்துவிடும். தாமிரமும் அதில் ஒட்டும், கவனம்.

தறிநாடா:
வெறும் அமிலத்துக்கும் அதே நகர்வுதான். ஏசி வேறு நேராக மேசைமேல் வீசுகிறது. ரிவ்யூவைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறேன். நன்றி.

செம்பருத்தி:
ரோஜர்ஸ் வாங்கினீர்களா?