சைலன்சர், சஸ்பென்ஷன் மாற்றிய அனுபவம்: புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் பகிரலாம்

லாஸ்பேட்டை, புதுச்சேரி

என்னிடம் இருப்பது 2011 நிசான் 370இசட் ஸ்போர்ட்ஸ் கார். பிஒய்-01 வண்டி, நான் இரண்டாவது ஓனர். 3.7 லிட்டர் வி6, ஆறு கியர் மேனுவல். போன வருடம் சைலன்சர், சஸ்பென்ஷன் இரண்டிலும் கை வைத்தேன். இதில் இறங்க நினைக்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் போன வரிசையே தப்பு. முதலில் சைலன்சர், அப்புறம் கோயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக, உயரத்தை மாற்றக்கூடிய செட்), கடைசியில் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), சக்கர அலைன்மென்ட் என்று போனேன். அப்படியே தலைகீழாகப் போயிருக்க வேண்டும்.

வாங்கியது கேட்-பேக் செட். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரை கம்பெனி கொடுத்தது அப்படியே இருக்கும், அதற்குப் பின்னால் உள்ள ஒய் பைப்பும் மஃப்ளரும் (சத்தத்தை அடக்கும் பெட்டி) மட்டும் மாறும். கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டுக்கொள் என்று சிலர் ஆசை காட்டினார்கள். செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். புகைச் சோதனையில் தேறாது. பின்பக்க ஆக்சிஜன் சென்சார் பி0420, பி0430 என்று பிழை காட்டி இன்ஜின் விளக்கு அணையவே அணையாது.

தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட். முந்தின ராத்திரியே நட்டுகளில் துருவை இளக்கும் டபிள்யூடி-40 அடித்து ஊற வைத்திருந்தோம். நம் ஊர் உப்புக் காற்று அடியில் என்ன செய்து வைத்திருக்கிறது என்பது வண்டியை லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் தெரியும். மூன்று நட்டுகள் கிரீச்சென்று கத்திக்கொண்டே திரும்பின. நான்காவதில் ஸ்பேனர் சட்டென்று லேசாகிவிட்டது. கழன்றுவிட்டது என்று நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். நட்டோடு, அது மாட்டியிருந்த ஸ்டட் என்கிற திருகுக் கம்பியில் பாதியும் உடைந்து வந்திருந்தது. மீதியை நடுப்புள்ளி குத்தி, மெல்லிய பிட், அடுத்த பிட் என்று மாற்றி மாற்றித் துளைத்து எடுக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

மாட்டும்போது ஒரு விஷயம். எல்லா கிளாம்ப்களையும் முதலில் தளர்வாக வைத்து, பம்பர் வெட்டுக்கு நடுவே டிப் (பைப்பின் வெளிமுனை) நிற்கும்படி சரிசெய்த பிறகுதான் முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். சூடானால் பைப் நீளும், அதற்கும் இடம் விட வேண்டும். பழைய மஃப்ளரை இரண்டு பேர் சேர்ந்து இறக்கினோம், புதியதை நான் ஒருவனே தூக்கிவிட்டேன். பவர் கூடியதா என்றால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கிடைத்தது சத்தம்தான். நல்ல சத்தம், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஆறாவது கியரில் 100 போகும்போது, இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் 2300-ஐ ஒட்டி நிற்கும். சரியாக அங்கேதான் கேபினுக்குள் ஒரு ரீங்காரம் வந்து காதை அடைத்தது. கோட்டக்குப்பத்தில் ஆரம்பித்தால் மரக்காணம் போவதற்குள் தலைவலி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. 2300 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 115. சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 480 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஓசையின் அலைநீளத்தில் கால் பங்கு ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அந்த நீளத்தில் ஒரு முனை அடைத்த குழாயை மெயின் பைப்பில் கிளையாக வைத்தால், உள்ளே போய் முட்டித் திரும்புகிற அலை அந்த ஓசையை மட்டும் அமுக்கிவிடும்.

இதை வெல்டு செய்து கொடுத்தவர் கார்க்காரர் இல்லை, ஹோட்டல் அடுப்பும் தொட்டியும் செய்கிற ஆர்கான் வெல்டர். பைப்பின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பிய பிறகுதான் பற்றவைத்தார். இல்லாவிட்டால் வெல்டின் உள்பக்கம் சர்க்கரை கருகியதுபோலப் பொரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும் என்றார். நாணயம் அடுக்கிவைத்தது மாதிரி வெல்டு. ரீங்காரம் முக்கால்வாசி போய்விட்டது.

ஆனாலும் வெளியே சத்தம் சத்தம்தானே. எதிர்வீட்டு அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ராத்திரி தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் அவர் வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதைப் பார்த்தேன். நான்கு நாள் பார்த்தேன், ஐந்தாம் நாள் பழைய மஃப்ளரையே திரும்ப மாட்டினேன். புதியது இப்போது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போகும் நாட்களில் மட்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றும் சேர்த்துவிட்டார்கள்.

இனி சஸ்பென்ஷன். கோயில்ஓவர் போட்டு இரண்டு விரல் அளவு இறக்கினேன். தவளக்குப்பம் தாண்டியதும் வருகிற வேகத்தடைகளில் அடி தட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வளைவில் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு அலைந்ததுதான் பயமாக இருந்தது. இவ்வளவு செலவு செய்து வண்டியைக் கெடுத்துவிட்டோமே என்று ஒரு வாரம் தூக்கமில்லை.

அலைன்மென்ட் மிஷினில் ஏற்றியபோது காரணம் தெரிந்தது. பின் இடது சக்கரத்தின் மூக்கு வெளியே பார்த்து நின்றது. டோவை, அதாவது சக்கரத்தின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவைச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தது. போல்ட்டைத் திருப்பினால் ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது, கையை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. கிரைண்டரால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. மற்ற புஷ்களைப் பார்த்தால் எல்லாம் வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி வெடித்திருந்தன. எல்லாவற்றையும் கம்பெனி ரப்பரிலேயே மாற்றி, போல்ட்களுக்குக் காப்பர் கிரீஸ் தடவினோம்.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வண்டி லிஃப்டில் தொங்கும்போது புஷ் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை விழுந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில் நின்றுவிடும், சீக்கிரமே கிழியும்.

பின்பக்கம் லேசாக டோ-இன் (மூக்கு உள்ளே பார்த்தபடி), இரண்டு பக்கமும் ஒரே கேம்பர் (சக்கரத்தின் சாய்வு). உயரத்தையும் கம்பெனி அளவுக்கே ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை கடலூர் ரோட்டில் எடுத்தபோது ஸ்டியரிங் கையில் ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. ஐந்து வருடமாக நான் ஓட்டியது இந்த வண்டியையே இல்லை என்று தோன்றியது. கோயில்ஓவர் போட்டிருப்பதை இன்ஷூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மஞ்சக்குப்பம், கடலூர்

அண்ணே, அந்த ஜன்னல் விஷயம் மனசைத் தொட்டது. என்னுடையது அபார்த் புன்டோ, 1.4 டர்போ. நான் ஏமாந்தது பைப்பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்.

304 கிரேடு என்று சொல்லி ஒரு கடையில் பைப் போட்டுக் கொடுத்தார்கள். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. சரி என்று நம்பிவிட்டேன். இரண்டாவது மழைக்காலத்திலேயே மஃப்ளர் அடியில் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு. அப்புறம்தான் தெரிந்தது, 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். ஜன்னல் கம்பிக்குச் சரி, தேவனாம்பட்டினம் கடல் காற்றுக்குத் தாங்காது. பாத்திரக் கடைக்காரர்கள் ஒரு சொட்டு மருந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீலில் ஒரு சொட்டு விட்டு பேட்டரி வைத்தால் 202 சிவக்கும், 304 அப்படிச் சிவக்காது. பைப் அறுப்பதற்கு முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. நான் தினமும் ஓட்டுவது திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும்தான். பைப் சூடாவதற்குள் வீடு வந்துவிடும், தண்ணீர் மஃப்ளருக்குள்ளேயே தங்கிவிடும். மஃப்ளரின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறையாவது சிதம்பரம் வரை ஓட்டிவிட்டு வாருங்கள்.

முதலியார்பேட்டை

டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆம் வாரம். என் ஆடி டிடி-யில் பட்டன் ஆழம் நிறைய இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாகியிருந்தது. வேறு எதுவும் மாற்றாமல் டயரை மட்டும் மாற்றினேன், ஈரத் தரையில் பிரேக் பிடிப்பதே வேறாகிவிட்டது. 370இசட் ட்ராக்கில் ஆயில் சூடு எப்படி?

லாஸ்பேட்டை, புதுச்சேரி

சூடாகும் தம்பி. ஆரம்ப வருட வண்டிகளில் ஆயில் கூலர் இல்லை. டேஷ்போர்டு மேலே ஆயில் சூட்டுக்கென்று தனி மீட்டர் இருக்கிறது, அதன் முள் ஏறினால் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். கூலர் வாங்கிவிட்டேன், இன்னும் மாட்டவில்லை. வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷெட்டில் அந்த வேலைதான். கடலூர் தம்பியும் வருவதானால் அந்தச் சொட்டு மருந்தைக் கொண்டு வாருங்கள். என் பைப்பிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடலாம்.