டபிள்யூஆர்எக்ஸ் பின் ஸ்வே பார்: 22 போதுமா, 24 போகலாமா?

நண்பர்களே, வண்டி 2016 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். ஸ்பிரிங், டேம்பர் எல்லாம் கம்பெனியில் வந்தவை. வளைவில் நுழையும்போது மூக்கு வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. முன் ஸ்வே பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) தொடாமல், இப்போது இருக்கும் 20 மி.மீ. பின் பாரை மட்டும் மாற்றப் போகிறேன்.

திட பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22 மி.மீ. போட்டாலே சுமார் 46 சதவீதம் கூடுகிறது. 24 என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். மழை ரோட்டில், வளைவின் நடுவே ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வீசுமே என்பதால் 24-க்கு மனசு வரவில்லை. விறைப்பை மாற்ற, லிங்க் (பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் தண்டு) மாட்டும் துளை இரண்டு உள்ள 22-ஐ மென்மையான துளையில் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

பாரைப் பிடிக்கும் பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ்தான். அது காய்ந்தால் கிரீச்சிடும். லிங்க் நட்டுகளை நான்கு சக்கரமும் ராம்ப்பில் எடை தாங்கி நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்குவேன். சக்கரத்தைத் தொங்கவிட்டு முறுக்கினால் லிங்க்கின் புஷ் முறுகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

தெரிய வேண்டியவை: கம்பெனி எண்ட் லிங்க் 22-க்குத் தாங்குமா, நீளம் மாற்றக்கூடிய லிங்க் அவசியமா? 24 போட்டவர்களுக்கு, பாரை வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட் வளைந்ததா? எந்தத் துளை, என்ன டயர் பிரஷர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.