டப்பாவைத் திறக்காத பெயிண்டர்

கடலூரில் கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் வீடு. மூன்று வருட இடைவெளியில் வெளிச்சுவருக்கு இரண்டு முறை ஆள் வைத்துப் பெயிண்ட் அடித்தேன். முதல் செலவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தீபாவளிக்கு வீடு புதிதாக இருக்க வேண்டும் என்று புரட்டாசிக் கடைசியில் ஆள் தேடியதுதான் முதல் பிழை. வந்தவர் தெருவில் நின்றபடியே வீட்டைப் பார்த்து மொத்தமாக ஒரு தொகை சொன்னார். பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். பாசி பிடித்த இடங்களைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு அதன் மேலேயே அடித்தார்கள். நான்கே நாளில் வேலை முடிந்தது. பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. ஐப்பசி அடைமழை வந்து போனது. அடுத்த கோடையில் மேற்குச் சுவரில் பெயிண்ட் அப்பளமாக உப்பியது. தொட்டால் ஏடு ஏடாகக் கையோடு வந்தது. உள்ளே உப்புப் பூத்திருந்தது. போன் செய்தால் அவர் எடுக்கவே இல்லை.

இரண்டாவது முறை மாசியில் தொடங்கினேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரரிடம் விசாரித்து அதே மேஸ்திரியை வரச் சொன்னேன். அவர் வந்ததும் விலை பேசவில்லை. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்து என்னிடம் காட்டினார். கை முழுக்க வெள்ளைப் பொடி.

“அம்மா, இதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது.”

பிறகு சுரண்டும் தகட்டின் பிடியால் சுவரைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறியது. பூச்சு செங்கல்லை விட்டுவிட்டதாம். அந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டார். அப்படி மொத்தம் ஒன்பது வட்டங்கள்.

“குளியலறை எந்தப் பக்கம் இருக்கிறது?” என்று கேட்டார். சொன்னேன். சுவருக்குள் பைப் ஒழுகுகிறது, முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள், ஒழுக்கு நிற்காமல் நான் தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முன்பணம்கூட வாங்கவில்லை. அங்கேதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் வேம்பு சாய்ந்து மாடிக் கைப்பிடிச் சுவரை உடைத்தது. அதைத் திருப்பிக் கட்டியபோது பழைய சுவரும் புதியதும் சேர்ந்த இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் விழுந்தது. முதல் ஆள் அதன் மேல் பட்டி தடவி மறைத்திருந்தார். ஒழுக்கு நின்ற பிறகு வேலை தொடங்கிய இந்த மேஸ்திரி விரிசலின் வாயை அகலமாகத் திறந்து, தூசியை ஊதித் தள்ளி, பிறகுதான் நிரப்பினார். கழுவுவது, சுரண்டுவது, உதிர்ந்த இடங்களைப் பூசுவது என்று ஆறு நாள் போனது. ஒரு டப்பாகூடத் திறக்கவில்லை. புதுப் பூச்சு இறுகி உலர வேண்டும் என்று 28 நாள் காக்கவைத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது உண்மை. பங்குனியில் பிரைமரும் இரண்டு கோட் எமல்ஷனும் அடித்து முடித்தார்.

ஆள் வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டப்பாக்களை நீங்களே வாங்குங்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். பல டப்பாக்களில் பெயிண்டருக்கென்று டோக்கன், அதாவது கம்பெனி தரும் ஊக்கப் பரிசுச் சீட்டு, வரும். அது அவருக்கு உரியது, கொடுத்துவிடுங்கள். ஆனால் டோக்கனுக்காக ஒரு குறிப்பிட்ட பெயிண்டைத்தான் வாங்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் சம்மதிக்காதீர்கள். இடுப்பில் பெல்ட் இல்லாமல் மாடி உயரத்துச் சாரத்தில் யாரையும் ஏற விடாதீர்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த பையனுக்குப் பதினெட்டு வயதுதான். அவன் ஏறும்போதெல்லாம் நான் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒன்பது வட்டங்கள் இருந்த இடங்களைத் தடவிப் பார்த்தேன். கையில் பொடி ஒட்டவில்லை. சன்ஷேடின் அடியில் மட்டும் லேசாகப் பாசி தெரிகிறது. விளிம்பில் நீர் சொட்டி விழுவதற்கான பள்ளம் இல்லாததால் தண்ணீர் சுவருக்கே திரும்பி ஓடுகிறதாம். வருகிற மாசியில் அதைச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.