ஹெட்போன் அம்ப்பில் இரைச்சல்: லப்டொப் சார்ஜர் செருகினால் மட்டும் வருகிறது, உதவுங்கள்

கூத்துக்கசெற் (முள்ளியவளை):

வணக்கம். என்னிடம் பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்போன் இருக்கிறது, 250 ஓம் வகை. கனடாவிலிருந்து வந்த மாமா அதோடு ஒரு சின்ன டெஸ்க்டாப் ஹெட்போன் அம்ப்பும் வாங்கி வந்தார். நூறு டொலர் சொச்சம். இரண்டு உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி, முன்னால் ஒரு குமிழ், அவ்வளவுதான். அதன் அடாப்டர் 120 வோல்ட் என்பதால் 230 ஐ 110 ஆக்குகிற ஸ்டெப் டவுன் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். லப்டொப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து வயர் அம்ப்புக்குப் போகிறது.

பாட்டுக் கேட்க மட்டும் இல்லை. அம்மப்பா கோவலன் கூத்தில் பாடியவர். எண்பதுகளில் விடிய விடிய ஆடியதை யாரோ பதிந்து வைத்த 11 கசெற்றுகள் இருக்கின்றன. 2009 இல் எங்கள் வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. இவை வவுனியாவில் பெரியம்மா வீட்டில் கிடந்ததால் தப்பின. எல்லாவற்றையும் லப்டொப்பில் ஏற்றிவிட்டேன். இனி வரிவரியாகக் கேட்டு எழுத வேண்டும். பதிவு மிக மெல்லியது. மத்தளம் அடிக்கிற இடத்தில் சொல்லே விளங்காது. அதனால்தான் இந்த ஹெட்போன், இந்த அம்ப்.

பிரச்சினை: சார்ஜரை லப்டொப்பில் செருகியதும் காதுக்குள் "ர்ர்ர்" என்று வண்டு பறப்பது போல ஒரு இரைச்சல். பாட்டை நிறுத்தினாலும் போகாது. ஹெட்போனை நேரே லப்டொப்பில் செருகினால் இரைச்சல் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் சத்தம் போதவில்லை. அம்ப் பழுதா? மாமா திரும்பிப் போய்விட்டார், மாற்றவும் முடியாது.

ஒலிவாசி (வவுனியா):

அம்ப்பைப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் இரைச்சல் எந்த வழியால் வருகிறது என்று பார்ப்போம். அம்ப்புக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, குமிழைப் பாதிவரை கூட்டிக் கேளுங்கள். பிறகு லப்டொப்புக்குப் பதிலாக போனைக் கொடுத்துப் பாருங்கள், போன் சார்ஜில் இருக்கக் கூடாது. அப்புறம் லப்டொப்பை பற்றரியில் மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். இந்த மூன்றும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு முறையும் குமிழைக் கீழே இறக்கிவிட்டுத்தான் வயரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் காதில் இடி விழும்.

சத்தம் போதாதது ஹெட்போனின் குறையும் இல்லை. உங்கள் டிடி 770 க்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபெல் வரும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. 250 ஓமில் 1 மில்லிவாட் செலுத்த அரை வோல்ட் வேண்டும். லப்டொப் ஓட்டையில் உச்சமாக ஒரு வோல்ட் கிடைக்கிறது என்று வையுங்கள், 102 டெசிபெல். புதுப்பாட்டுக்கு அது தாராளம். மெலிதாகப் பதிந்த கசெற்றுக்குத்தான் எட்டாது. ஆகவே உங்கள் வேலைக்கு அம்ப் உண்மையாகவே தேவை. ஆனால் இந்த வகை அம்ப் 5 வோல்ட் தள்ளினால் 116 டெசிபெல்லுக்குப் போகும். கெய்ன் சுவிட்ச் (அம்ப் எத்தனை மடங்கு கூட்டுகிறது என்பதை மாற்றுவது) இருந்தால் குறைந்த பக்கத்தில் வையுங்கள். மெல்லிய இடம் முடிந்து திடீரென்று மத்தளம் எழும்பும்போது காது தப்ப வேண்டும்.

இன்னொன்று, லப்டொப்பில் சத்தத்தை 90 வரை வைத்துவிட்டு மிச்சத்தை அம்ப்பின் குமிழால் கூட்டிக் குறையுங்கள். மலிவான அம்ப்புகளில் குமிழ் அடியில் இருக்கும்போது ஒரு காதில் சத்தம் கூடி நிற்கும். சற்று மேலே திருப்பினால் இரண்டும் சமமாகும்.

கூத்துக்கசெற்:

மூன்றும் செய்தேன். வயரைக் கழற்றினால் துளி சத்தமில்லை. போனில் துப்புரவு. லப்டொப் பற்றரியில் ஓடும்போதும் துப்புரவு. சார்ஜரைச் செருகிய அந்தக் கணமே வண்டு வந்துவிடுகிறது. அம்ப்பின் பெட்டியில் கை வைத்தால் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. இது சம்பந்தமோ தெரியாது, லப்டொப்பின் இரும்பு விளிம்பில் புறங்கையைத் தடவினால் எறும்பு ஊருவது போல ஒரு கூச்சம். வெறுங்காலோடு இருந்தால்தான் தெரிகிறது, செருப்புப் போட்டால் இல்லை.

வேகன்:

இது கிரவுண்ட் லூப், எர்த் வழியே சுற்றி வருகிற இரைச்சல். எனக்கும் இருந்தது. சார்ஜர் பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மாங்குளம் வயர்மன்:

தங்கச்சி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். தம்பி வேகனுக்கும் சொல்கிறேன், உங்கள் வீட்டில் கழற்றியிருந்தால் இன்றைக்கே திரும்பப் பூட்டுங்கள். எர்த் வயர் சத்தத்துக்காகப் போட்டதல்ல, உயிருக்காகப் போட்டது.

தங்கச்சி சொன்ன அந்த எறும்பு ஊர்கிற கூச்சம்தான் முக்கியமான அடையாளம். லப்டொப் சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள் எர்த்துக்குப் போகும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குள் இறங்கிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாவிட்டால் லப்டொப்பின் உடம்பு 230 இன் பாதியில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். கரண்ட் மிகச் சிறியது, ஆளை அடிக்காது, கூச்சம் மட்டும் வரும். அந்தக் கசிவு போக வழி தேடி உங்கள் வயர் வழியே அம்ப்புக்கு வருகிறது. நீங்கள் பெட்டியில் கை வைத்ததும் உங்கள் உடம்பு வழியே நிலத்துக்குப் போகிறது, அதனால் இரைச்சல் குறைகிறது. நேரே லப்டொப்பில் செருகும்போது ஹெட்போனுக்கு வேறு வழி இல்லாததால் கேட்கவில்லை.

அப்படியென்றால் உங்கள் சார்ஜரில் மூன்று பின் இருந்தும் சுவர் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை. ஒரு பிளக்கிலா, வீடு முழுக்கவா என்று பார்க்க வேண்டும். நீங்கள் கம்பியை விட்டுப் பார்க்காதீர்கள். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில், லைனுக்கும் எர்த்துக்கும் இடையில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும், மூன்றாவது ஓரிரு வோல்ட்டுக்குள். எர்த் றொட் எங்கே என்றும் பாருங்கள். இந்தச் சோளகக் காலத்தில் மண் காய்ந்து கிடக்கும். காய்ந்த மணலில் றொட் நிலத்தைப் பிடிக்காது. மாரியில் சரியாக இருந்த வீடு ஆவணியில் சரியில்லாமல் போவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

ஒலிவாசி:

வயர்மன் அண்ணை சொல்வது சரி, நான் கூச்சம் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். எர்த் பார்க்கும்வரை பற்றரியில் ஓடவிட்டு எழுதுங்கள்.

அந்த அடாப்டர் பற்றியும் ஒரு சொல். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்போமர் நமது 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடச் சுடும். ஒரு மணித்தியாலம் ஓடியபின் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அதைப் பாவிக்காதீர்கள். 230 வோல்ட் அடாப்டர் வாங்குவதாயின் பழையதன் முதுகில் எழுதியிருப்பதை வாசித்து, வெளியேயும் ஏசி என்று இருந்தால் ஏசி தருவதையே வாங்குங்கள். ரூட்டர் அடாப்டர் பெரும்பாலும் டிசி. 2011 இல் புனைபெயரில் எழுதிய ஒருவர் வரைபடத்தோடு திறந்துவிட்ட ஓ2 என்ற அம்ப்பும், மக்னி என்ற அம்ப்பும் ஏசி அடாப்டரில் ஓடுபவைதான். ஏசியை உள்ளே எடுத்துத்தான் அவை பிளஸ், மைனஸ் இரண்டையும் உண்டாக்குகின்றன. டிசி கொடுத்தால் ஒரு பக்கம் பட்டினி கிடக்கும். ஓ2 இல் இரண்டு 9 வோல்ட் பற்றரி போட்டும் கேட்கலாம். கரண்ட் நின்ற இரவுகளில் நான் அப்படித்தான் கேட்பது.

நெடுங்கேணியான்:

இரைச்சலோடு செக்கனுக்கு ஒரு தரம் "டிக், டிக்" என்று வருகிறதா பிள்ளை? எங்கள் பக்கம் யானை வேலிக் கரண்ட் அப்படித்தான் றேடியோவுக்குள் வரும். கம்பியில் புல் முட்டினால் கூடிவிடும், புல்லைச் செருக்கினால் குறையும்.

கூத்துக்கசெற்:

இல்லை ஐயா, டிக் சத்தம் எதுவும் இல்லை.

கூத்துக்கசெற்:

ஐந்து நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததை முழுக்கச் சொல்கிறேன்.

வீட்டு வயரிங் செய்த அண்ணை ஞாயிற்றுக்கிழமை வந்தார். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 232. லைனுக்கும் எர்த்துக்கும் மீற்றர் ஒரு இடத்தில் நிற்கவில்லை, 60, 75, 50 என்று அலைந்தது. எல்லாப் பிளக்கிலும் அப்படியே. குசினிச் சுவருக்குப் பின்னால் றொட்டைத் தேடிப் போனோம். வெளியே பார்க்க வயர் பூட்டித்தான் இருந்தது. கிளாம்பைக் கழற்றியதும் கையோடு வந்துவிட்டது. செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்து உள்ளே தின்றுபோய், மேல் உறை மட்டும் கிளாம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக அப்படி என்று தெரியாது.

அந்த இடம் எப்போதும் காய்ந்த மணல் என்பதால், கிணற்றடி வாழைப் பாத்தி ஓரத்தில் புது றொட் இறக்கி வயர் இழுத்தார். குளிக்கிற தண்ணீர் அங்கேதான் ஓடும், மண் கோடையிலும் ஈரமாக இருக்கும். சார்ஜரைச் செருகினேன். வண்டு இல்லை. லப்டொப் விளிம்பில் கூச்சமும் இல்லை.

இதோடு முடியவில்லை. பின்னேரம் அம்மா தண்ணீர் மோட்டரைப் போட்டார், உடனே ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கிப் போட்டார், திரும்ப விழுந்தது. அண்ணையைப் போனில் கூப்பிட்டோம். "இனிப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உடனே வந்தார். மோட்டரின் வைண்டிங்கில் ஈரம் போய் உடம்புக்குக் கசிகிறதாம். மோட்டர் பலகை மேல் நிற்கிறது, எர்த்தும் அறுந்திருந்தது, அதனால் கசிவு போக வழியில்லாமல் ட்ரிப் இவ்வளவு நாளும் விழவில்லை. அம்மா தினமும் விடிய ஈரக்கையோடு அந்த மோட்டரடியில்தான் நிற்பார். மோட்டரை வைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு இப்போது வாளியால் அள்ளுகிறோம்.

வயர்மன் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவும் சொல்லச் சொன்னார்.

மாங்குளம் வயர்மன்:

சந்தோசம் தங்கச்சி. மோட்டர் வந்ததும் ஆளை வைத்துப் பூட்டுங்கள், அதன் உடம்பிலும் எர்த் இருக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், விழ வேண்டும். அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வேகன்:

திரும்பப் பூட்டிவிட்டேன் அண்ணா.

கூத்துக்கசெற்:

கடைசியாக ஒன்று. வண்டு போனபின் மூன்றாம் கசெற்றில் பின்னால் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்கிறது. இது அம்ப்பிலிருந்தா?

ஒலிவாசி:

பாட்டை நிறுத்திவிட்டு, குமிழைத் தொடாமல் கேளுங்கள். அமைதி என்றால் அம்ப் சுத்தம், சத்தம் கசெற்றில் இருக்கிறது. பழைய நாடாவில் ஒரு சீறல் எப்போதும் இருக்கும், அது ஒரே அளவாக ஓடும்.

கூத்துக்கசெற்:

நிறுத்தினால் அமைதிதான். ஆனால் ஒரே அளவாக இல்லை. மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போய், திடீரென்று கூடுகிறது.

நெடுங்கேணியான்:

கூடுவதற்கு முன்னால் "சக், சக், சக்" என்று கேட்கிறதா பார் பிள்ளை. கேட்டால் அது பெற்றோமக்ஸ். காற்றுக் குறையக் குறைய வெளிச்சமும் இறங்கும், சத்தமும் இறங்கும். பிறகு ஆள் வந்து பம்ப் அடிப்பார்.

கூத்துக்கசெற்:

ஓம் ஐயா, கேட்கிறது. எட்டுத் தரம் அடிக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் ஒரு வரியை விளங்கவில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருந்தேன், இன்றைக்குத்தான் திருத்தினேன். அது பாட்டு வரி இல்லை. "லைற்றுக்குக் காத்தடி தம்பி, கண்ணகி வரப்போறா" என்று யாரோ சொல்கிறார்கள்.