வெள்ளை வளையம் இருந்தா எல்லாம் கட்டுவிரியனா?

அம்பைக்காரன்:
போன ஐப்பசில அடைமழை, ராத்திரி பத்து மணி இருக்கும், அடுப்படிக்கு தண்ணி குடிக்கப் போன எங்க ஆச்சி "ஏல இங்க வா"ன்னு ஒரே சத்தம். போய்ப் பாத்தா டியூப்லைட்டுக்குப் பக்கத்துல செவுத்துல ஒன்றரை அடில ஒரு பாம்பு, வாயில பல்லி, பல்லி வாலு மட்டும் வெளிய ஆடிக்கிட்டு கெடக்கு. உடம்புல வெள்ளை வெள்ளையா வளையம். அப்பா பாத்த ஒடனே கட்டுவிரியன்னு கம்ப எடுத்துட்டாவ.

அவுகளச் சொல்லியும் குத்தமில்ல. எங்க சித்தப்பாவ முன்ன கடிச்சது கட்டுவிரியன்தான். தரைல பாய் விரிச்சு படுத்திருந்தாவ, கடிச்சதே தெரியல, விடியக்காலம் வயித்தவலின்னாவ, நாங்க ராத்திரி தின்ன புரோட்டா மேல பழியப் போட்டு ஓமத்தண்ணி குடுத்துட்டு இருக்கோம், கொஞ்ச நேரத்துல இமையத் தூக்க முடியல, பேச்சு கொழறுது. திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடி, மூணு நாள் வெண்டிலேட்டர்ல கெடந்து பொழைச்சு வந்தாவ.

இருந்தாலும் அப்பாவ பைய நிறுத்திட்டு தள்ளி நின்னே ஜூம் பண்ணி போட்டோ எடுத்தேன். காப்பித்தூள் கலரு. கழுத்துலயே வளையம் பட்டையா ஆரம்பிச்சு வால் பக்கம் போகப்போக மங்கிப் போச்சு. கட்டுவிரியனுக்கு இது அப்படியே தலைகீழ், தலைப்பக்கம் மங்கலா இருக்கும், வாலுக்குப் போகப்போக ஜோடி ஜோடியா பளிச்சுன்னு தெரியும், கருநீலமா எண்ணெ தேச்ச மாதிரி மினுங்கும். இது வெள்ளிக்கோல் வரையன், விஷம் கெடையாது. தீயணைப்புக்கு போன் போட்டோம், அவங்க வாரதுக்குள்ள ஓட்டு சந்துல போயிட்டு.

தேரிக்காட்டான்:
அண்ணாச்சி, வளையத்த மட்டும் நம்பாதீங்க, கட்டுவிரியன் குட்டிக்கு கழுத்து வரைக்கும் வரி தெரியும். முதுகு நடுவுல ஓடுத செதில் மத்ததவிட பெருசா அறுகோணமா இருக்கும், அதையும் போட்டோலதான் பாக்கணும், கிட்டப் போயிராதீங்க. எங்க திசையன்விளை பக்கம் சுருட்டை விரியன், அதுவும் விஷப்பாம்புதான். ஒரு அடிதான் இருக்கும், முருங்கத் தோட்டத்துல கழட்டிப் போட்ட செருப்புக்குப் பக்கத்துல 8 மாதிரி சுருண்டு, செதில ஒண்ணோட ஒண்ணு தேச்சு சட்டில எண்ணெ பொரியுத மாதிரி சத்தம். அதக் கேட்டுத்தான் கால இழுத்தேன், இல்லன்னா மிதிச்சிருப்பேன்.

அம்பைக்காரன்:
குட்டி விஷயம் எனக்குத் தெரியாது, நல்லவேள சொன்னீங்க. ஆச்சி இப்ப கட்டில்லதான், கொசுவலைய மெத்தைக்கு அடில சொருகிட்டுத்தான் படுக்காவ. டியூப்லைட் பக்கம் மூணு பல்லி இருந்துச்சு, இப்ப ஒண்ணுதான் நிக்கி.